கிணற்றுக்குள் நின்ற அத்தை

எங்கள் அத்தை யாரிடமும் சண்டைக்குப் போனதில்லை. சண்டைதான் அவளைத் தேடி வரும். வந்ததை அவளும் சும்மா அனுப்பியதில்லை. உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில் அப்படி ஒன்று வந்தது. அரிசிக்குத் தட்டுப்பாடு வந்ததும் சர்க்காருக்கு மழையை நம்பி விதைக்கும் எங்கள் மேட்டுக்காடுகள் மேல் திடீரென்று பாசம் பொங்கியது. கிணறு வெட்டி உணவுப் பயிர் வைத்தால் செலவில் பாதியை மானியமாகத் தருவதாகத் தமுக்கடித்துச் சொன்னார்கள்.

பாப்பாரப்பட்டிப் பக்கம் ஓர் ஆள் ஆழம் தோண்டினாலே பாறைதான். அத்தை, புருஷன் செத்தபின் தன் பெயருக்கு வந்த காட்டில், கல்லுடைக்கிறவர்களோடு தானும் மண் சுமந்து பாதிக் கிணறு வெட்டிவிட்டாள். நகையெல்லாம் அதிலேயே போயிற்று. மிச்சப் பாறைக்கு வெடி வைக்க மானியம் வந்தாக வேண்டும். வராவிட்டால் அது கிணறில்லை, வெறும் பள்ளம்.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கிணற்றைப் பார்க்க வருவதற்கு முந்தின சாயங்காலம், ஊரில் நிலவரி வசூலிக்கும் மணியக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்து வெகு பணிவாகப் பேசினார்.

"நல்ல காரியமா ஆபீசர் வர்றாரும்மா. நீ எதுருல வந்தா நல்லாருக்குமா? வூட்டுலயே இரு. நாங்க பாத்துக்கறோம்."

தாலியறுத்தவள் நல்ல காரியத்துக்கு எதிரே வரக்கூடாது என்பது ஊர் வழக்கம். அத்தைக்குத் தம்பியான என் அப்பாவும் தலையாட்டினார். அத்தை "சரிங்க" என்றாள். அவள் அப்படிச் சொன்னால் ஏதோ செய்யப்போகிறாள் என்று அர்த்தம்.

காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போனாள். என்னைப் புங்கமரத்தடியில் உட்காரவைத்து, "ஆரு வந்தாலும் வாயத் தொறக்காத" என்று சொல்லிவிட்டுக் கிணற்றுக்குள் இறங்கினாள்.

மணியக்காரர் ஆபீசரோடு வந்தார். கூடவே அவருடைய மச்சானும், வெளுத்த வேட்டியில். எங்கள் ஊரில் மணியக்காரர் கைகாட்டியதுதான் எல்லை. "இதாங்க நம்ம மச்சான் வெட்டுன கெணறு" என்று கைகாட்டினார். மச்சான் கும்பிட்டார். அந்தக் காட்டில் அவருக்கு ஒரு கள்ளிச்செடிகூடக் கிடையாது. நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஆபீசர் ஆழம் பார்க்கக் குனிந்தார்.

"உள்ள ஆரு?"

"கெணத்துக்காரிங்க."

மணியக்காரருக்கு முகம் செத்துப்போயிற்று. "எதுருல வராதன்னு சொன்னனில்ல?"

"எதுருல எங்கீங்க வந்தேன்? அடியிலதான நிக்கறேன்."

ஆபீசர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மேல ஏறி வாம்மா" என்றார்.

"மாட்டேனுங்க. இது ஆரு கெணறுன்னு மணியக்காரரு அவரு வாயால சொல்லட்டும். இல்லீன்னா மண்ணப் போட்டு மூடிட்டுப் போங்க."

வெயில் ஏறியது. கல்லுடைக்கிறவர்கள் ஒவ்வொருவராக வந்து மேட்டில் நின்றார்கள். ஆபீசர் ஒரு பாறைமேல் உட்கார்ந்து மணியக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் நைசாக நழுவிவிட்டார். கடைசியில் மணியக்காரர் தரையைப் பார்த்துச் சொன்னார்: "அவுளுதுதாங்க."

ஆபீசர் பெயர் கேட்டார். அத்தை தன் பெயரை அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். கிணறும் திருப்பிக் கத்தியது. அவளுக்கு ஒரு பெயர் உண்டென்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மானியம் வந்தது. பாப்பாரப்பட்டிச் சந்தை நாளில், சாவடி வாசலில் நின்று மணியக்காரர்தான் பெயர் கூப்பிட வேண்டியிருந்தது. அத்தை அசையாமல் நின்றாள். மறுபடியும் கூப்பிட்டார்.

"காது கேக்கலீங்க. இன்னுங்கொஞ்சம் சத்தமா."

அவர் கத்தினார். சந்தையே திரும்பிப் பார்த்தது. அதன் பிறகுதான் அத்தை தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்துபோய்க் கைநாட்டு வைத்தாள்.

பாறை உடைத்த சத்தத்தில் அவளுக்குக் காது போய்விட்டது என்று எனக்கு ஒரே அழுகை. வீடு வரும்வரை நான் அவள் கையை விடவில்லை. வண்டி வந்தபோதெல்லாம் எக்கி நின்று, "அத்தே, வண்டி!" என்று காதருகே கத்தினேன். அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். காது கேட்காதவளுக்கு இத்தனை சிரிப்பு என்ன என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.