சண்டை போடுகிற அளவுக்கு இங்கிலீஷ்

எங்கள் தெருவில் லாண்டரி அக்காவின் வாய்க்குத் தனி மரியாதை உண்டு. சட்டையில் கறை போகவில்லை என்று புகார் சொல்ல வருகிறவர்கள், திரும்பிப் போகும்போது கறை பட்டதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவார்கள். பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எனக்கு இது தினசரிக் காட்சி. அக்காவுக்கு யார்மேலும் உண்மையான கோபம் கிடையாது. உடம்புக்காகச் சிலர் காலையில் நடக்கப் போவார்கள், அக்கா திட்டுவாள். உடம்பு நன்றாகவே இருந்தது.

அவளுடைய வீட்டுக்காரர் கல்லாவில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். கடையை அவர் பார்த்துக்கொள்கிறார் என்பது பேச்சு. உண்மையில் கடைதான் அவரைப் பார்த்துக்கொண்டது.

ஒரே மகன் சுற்றுலாக் கப்பலில் சமையல்காரன். அவன் ஒரு நாள் போனில் கூப்பிட்டு, கப்பலில் கூட வேலை பார்த்த வெளிநாட்டுப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டுவிட்டதாகச் சொன்னான். அக்கா அழவில்லை, கத்தவில்லை.

"அவ என்ன பாஷை பேசுவா?"

"இங்கிலீஷ்தாம்மா. அவ ஊர் பாஷை எனக்கே தெரியாது."

"கப்பல்ல என்ன வேலை?"

"லாண்டரி."

அக்கா போனை வைத்துவிட்டு நேராக என் கடைக்கு வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"தம்பி, வர்றவ நம்ம தொழில்காரி. வந்த அன்னைக்கே இஸ்திரிப் பெட்டியில கை வைப்பா. நான் நாலு வார்த்தை கேக்கணுமே, எப்படிக் கேப்பேன்?"

"உங்க பையன் எடுத்துச் சொல்ல மாட்டானாக்கா?"

"அவனா? நான் 'அறிவிருக்கா'ன்னு கேட்டா, அவன் 'சாப்பிட்டியா'ன்னு மாத்திச் சொல்லுவான். அப்படியே அவங்கப்பன்."

இப்படித்தான் நாங்கள் இருவரும் கமா சாரிடம் போய்ச் சேர்ந்தோம். மருந்துக்கடைக்கு மேல்மாடியில் சாயங்காலம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவர். வாக்கியத்தின் நடுவில் நின்று மூச்சு வாங்குவார், அதனால் அந்தப் பெயர். எனக்கு இங்கிலீஷ் மேல் எந்த ஆசையும் இல்லை. "தனியா போனா ஒரு மாதிரி இருக்கும், நீயும் வா" என்றாள் அக்கா. அவளிடம் முடியாது என்று சொல்லிப் பிழைத்தவர்கள் யாரும் இல்லை.

முதல் நாள் சார் ஒவ்வொருவரிடமும் எதற்காகப் படிக்க வந்தீர்கள் என்று கேட்டார். ஒருவர் பதவி உயர்வு என்றார். ஒரு பெண் நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போக என்றாள். அக்கா எழுந்து நின்று, "சண்டை போட" என்றாள்.

சார் நீண்ட கமா ஒன்று போட்டார். "யார்கூடம்மா?"

"மருமககூட. இன்னும் வந்து சேரலை."

அன்றைக்குச் சார் பலகையில் எட்டு சொல்வகைகளை எழுதினார். அக்காவுக்கு அப்போதே மூக்கு விடைத்தது. "நம்ம பாஷையில நாலுதானே சார்? பெயர், வினை, இடை, உரி. பள்ளிக்கூடத்துல படிச்சதுல அது ஒண்ணுதான் மறக்கலை. அந்த நாலை வச்சே நான் இந்தத் தெருவைச் சமாளிச்சிருக்கேன். இவங்களுக்கு மட்டும் எதுக்கு எட்டு?"

நவுன் அவளுக்கு உடனே பிடிபட்டது. யாரைத் திட்டுகிறோமோ அது நவுன். என்ன செய்ததற்காகத் திட்டுகிறோமோ அது வெர்ப். ப்ரோநவுனில்தான் முட்டிக்கொண்டது. 'யூ' என்றால் நீ, நீங்கள் இரண்டுமேதான் என்று சார் சொன்னதும் வகுப்பே அதிர்ந்தது.

"மாமியாருக்கும் யூ, தெரு நாய்க்கும் யூவா?"

"ஆமாம்மா. இங்கிலீஷ்ல, எல்லாரும் சமம்."

"என் வீட்டுல அப்படி இல்லைன்னு இப்பவே சொல்லிடுறேன்."

ப்ரெபொசிஷனையும் அவளால் மன்னிக்க முடியவில்லை. நாம் மேசை மேல் என்கிறோம். அவர்கள் 'மேல்' என்பதை முதலில் சொல்லிவிட்டு, எதன் மேல் என்பதைப் பிறகு சொல்கிறார்கள். "ஈரத் துண்டை எங்கடி போட்டேன்னு கேட்டா 'மேல'ன்னு ஆரம்பிப்பாளா? அதுக்குள்ள எனக்கு ரத்தம் கொதிச்சுடாதா?"

அவளுக்கு உயிரானது அட்வெர்ப். ஒரு வேலை எப்படி நடந்தது என்று சொல்லும் சொல் அது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இதுதான் சார் வேணும். என்ன செஞ்சான்னு மட்டும் சொன்னா யாருக்கு உறைக்கும்? எப்படிச் செஞ்சான்னு சொன்னாத்தான் உறைக்கும்." குட் என்பது அட்ஜெக்டிவ், அது நவுனோடு ஒட்டும், வெர்ப்பைப் பற்றிச் சொல்ல வெல் என்று வரவேண்டும் என்று சார் விளக்கியதை அவள் இஸ்திரி போட்டபடியே பாராயணம் செய்தாள். 'வாட்ச்' என்றால் கைக்கடிகாரம், பார்ப்பதும் 'வாட்ச்', சொல்லைப் பார்த்து வகை சொல்லாதீர்கள், வாக்கியத்தில் அது பார்க்கும் வேலையைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார் சார்.

"வேலையைப் பார்த்துதான் வகையா?" அக்கா என் காதில் கிசுகிசுத்தாள். "அப்ப எங்க வீட்டுக்காரர் எட்டுலயும் சேர மாட்டார்."

சில மாதம் கழித்து, லீவில் வந்த மகனோடு மருமகள் வந்தாள். சின்ன உருவம், பெரிய சிரிப்பு. அக்காவை 'மதர்' என்று கூப்பிட்டாள். அவளுடைய இங்கிலீஷைக் கேட்டதும் எனக்கே தெம்பு வந்துவிட்டது. அதுவும் எங்களைப் போல எங்கோ ஒரு மாடியில் படித்த இங்கிலீஷ்தான். வாக்கியத்தில் பாதிச் சொற்கள் லீவு போட்டிருந்தன.

கொஞ்ச நாள் இருவரும் ஒருவரை ஒருவர் முறைக்காமல் முறைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு காலையில், அக்கா ஒரு சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மருமகள் பக்கத்தில் வந்து நின்றாள். தலையை ஆட்டினாள். "மதர், யூ அயர்ன் நோ குட்" என்றாள்.

நான் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தேன்.

அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கண்ணை மூடி யோசித்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "தம்பி, குட் அட்ஜெக்டிவ்தானே? நவுனோடதானே ஒட்டும்? அப்ப இங்க அயர்ன் நவுன். இவ இஸ்திரிப் பெட்டியைத்தான் சொல்றா" என்றாள். முகத்தில் நிம்மதி. பெட்டி வீட்டுக்காரர் வாங்கியது. அதை யார் என்ன சொன்னாலும் அவளுக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனாலும் உறுதி செய்துகொள்ள மருமகளிடம் கேட்டாள். "அயர்ன், நவுன்?"

மருமகள் பெட்டியைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். "நோ நோ. வெர்ப்!" என்று அக்காவின் கையைச் சுட்டிக் காட்டினாள்.

"வெர்ப்னா குட் வராது!" அக்கா மேசையைத் தட்டினாள். "வெல்! வெல் சொல்லணும்!"

மருமகளுக்கு வெட்கமாகிவிட்டது. பள்ளிப் பிள்ளை போல நெற்றியைத் தட்டிக்கொண்டு, நிதானமாகத் திருத்திச் சொன்னாள். "சாரி, மதர். யூ டோன்ட் அயர்ன் வெல்."

"ஆங், இப்ப சரி" என்றாள் அக்கா. சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அதன்பின் நடந்ததை எந்தச் சொல்வகையிலும் அடக்க முடியாது. மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த இங்கிலீஷில் அக்காவின் வாயில் கடைசியாக நின்றது 'ஓ!', 'ஆ!' இரண்டும்தான். பிறகு தமிழுக்குத் தாவிவிட்டாள். மருமகள் தன் ஊர் பாஷைக்குப் போனாள். இரண்டும் எல்லாருக்கும் நன்றாகப் புரிந்தன. சமாதானம் செய்ய வந்த மகனை இருவரும் சேர்ந்து துரத்தினார்கள். வீட்டுக்காரர் மட்டும் பேப்பரில் அடுத்த பக்கத்துக்குப் போனார்.

கடை சாத்தும் நேரத்தில் அக்கா என்னிடம் வந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"தம்பி, நிஜத்தைச் சொல்லு. நான் சரியாத் தேய்க்கலையா?"

நான் பதில் தேடுவதற்குள் அவளே தேய்த்துக் கொடுத்த என் சட்டைக் காலரின் முனையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அங்கே சின்னதாக ஒரு சுருக்கம் இருந்தது. இத்தனை வருஷமாக நான் அதைப் பார்த்ததே இல்லை. அவள் காலரை மடித்துவிட்டுப் போய்விட்டாள்.

மருமகள் காலரை இரண்டு முனைகளிலிருந்தும் நடுவுக்குத் தேய்ப்பாள். அக்கா அவ்வளவு காலமும் ஒரே இழுப்பாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட்டினவள். மறுநாளிலிருந்து, மருமகள் உள்ளே போன சமயம் பார்த்து, அக்கா முனையிலிருந்து நடுவுக்குத் தேய்ப்பதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். "வாயைத் திறந்தே, அவ்வளவுதான்" என்றாள். நான் திறக்கவில்லை. இப்போது எழுதத்தான் செய்கிறேன்.

வகுப்புக்கு வருவதை அவள் நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டுக் கமா சாரே கடைக்கு வந்தார். "சண்டை வந்துடுச்சு சார், இனிமே பாடம் எதுக்கு?" என்றவள், சாருடைய பேண்டைக் கூலி வாங்காமல் தேய்த்துக் கொடுத்தாள்.

மகன் மறுபடி கப்பலுக்குப் போய்விட்டான். மருமகள் போகவில்லை. கடையில் இப்போது இரண்டு மேசை. யாருடைய மேசையில் வெளிச்சம் அதிகம் என்பது தினமும் பேசித் தீராத விஷயம். அக்கா இங்கிலீஷில் திட்டுகிறாள், மருமகள் தமிழில் திட்டுகிறாள். எதிராளிக்குப் புரியாமல் திட்டி என்ன பிரயோஜனம் என்கிறார்கள் இருவரும். மருமகளின் தமிழில் இன்னும் திணைத் தகராறு இருக்கிறது. "மதர் வந்துச்சு, கத்துச்சு, போச்சு" என்பாள். அதற்காகவும் ஒரு சுற்றுச் சண்டை நடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மகன் கூப்பிட்டால் அக்கா முதலில் பேசுவாள், பிறகு போனைப் பிடுங்கி மருமகள் பேசுவாள். இரண்டு பேரும் மற்றவளைப் பற்றிச் சொல்வார்கள். அவன் இருவருக்கும் 'ஆமா, ஆமா' என்பான். 'நீயே சொல்லு, யார்மேல தப்பு?' என்று கேட்கும் இடத்தில் லைன் அறுந்துவிடும். கடலில் சிக்னல் சரியில்லையாம்.