ஏழாம் பாதையின் ஐம்பது நிமிடம்

அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். காதுபடவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவரும் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு முப்பத்தொரு வருடத்தை ஓட்டிவிட்டார்.

ஊருக்கு வெளியே காட்டிலும் மேட்டிலும் போகும் பதினொரு நடைப் பாதைகளைப் பராமரிப்பது அவர் வேலை, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. கார் இல்லாதவர்களுக்கென்றே போட்ட பாதைகள் அவை. ஒவ்வொன்றும் ஒரு பஸ் நிறுத்தத்தில் தொடங்கி இன்னொரு பஸ் நிறுத்தத்தில் முடியும். வழியில் பாதை பிரியும் இடங்களில் ஒரு பலகை இருக்கும். பலகையில் தூரம் இருக்காது, நேரம்தான் இருக்கும். நகரத்துக்காரனுக்குக் கிலோமீட்டர் சொன்னால் ஏறாது, பஸ்ஸுக்கு எத்தனை நிமிடம் என்று சொன்னால்தான் ஏறும் என்று ஒரு பழைய அதிகாரி முடிவு செய்திருந்தார். நல்ல முடிவு. யாருடைய காலுக்கு எத்தனை நிமிடம் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

எக்ஸ்பிரஸின் காலுக்கு. வேலையில் சேர்ந்தபோது அவருக்கு இருபத்தாறு வயது. கையில் ஒரு ஸ்டாப்வாட்சைக் கொடுத்து, நடந்து பார்த்து நேரம் எழுதிக்கொண்டு வா என்று அனுப்பினார்கள். மற்ற பத்துப் பாதைகளிலும் அவர் வேகமாக நடந்தார், அவ்வளவுதான். ஏழாம் பாதையில், உச்சிப் பாறையிலிருந்து கீழே பஸ் நிறுத்தம் வரைக்கும், மழை துரத்தியதால் ஓடினார். இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்தும் எழுந்து ஓடினார். ஐம்பது நிமிடம். அதையே எழுதிக் கொடுத்தார். அவர் பொய் சொல்லவில்லை. ஓடினேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அந்தப் பாதையின் அடியிலிருந்து கடைசி பஸ் ஐந்து நாற்பதுக்குப் புறப்படும். அதை விட்டால் மெயின் ரோட்டுக்குப் பதினோரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். பலகையை நம்பி நாலே முக்காலுக்கு உச்சிப் பாறையிலிருந்து கிளம்பியவர்கள் வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேராவது பஸ்ஸின் பின்பக்கத்தைத் தரிசித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் புகார் எழுதினார்கள். பதில் எழுதுவதும் எக்ஸ்பிரஸின் பொறுப்பு. அலுவலகத்தில் வேறு யாருக்கும் அவ்வளவு அழகான நடை கிடையாது.

தன் கணவர் பஸ்ஸைப் பிடிக்க அவசரப்பட்டு, நெஞ்சு வலி வந்து, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்று ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். "தங்கள் கணவர் நலமடைந்தது குறித்து மகிழ்ச்சி. பொதுமக்கள் நடப்பதையே இவ்வலுவலகம் பரிந்துரைக்கிறது. ஓடுவது அவரவர் விருப்பம்" என்று பதில் போனது. அதன் நகலை எக்ஸ்பிரஸ் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்.

மனைவியை ஒரே ஒரு தரம் ஏழாம் பாதைக்குக் கூட்டிப் போனார். கல்யாணமாகி இரண்டு மாதம். செருப்பு வார் அறுந்து அவள் பின்தங்கிவிட்டாள். அவர் ஐந்து முப்பத்தெட்டுக்கு நிறுத்தத்துக்கு வந்து, ஏறி உட்கார்ந்து, வீடு போய்ச் சேர்ந்துவிட்டார். அவள் பால் வண்டியில் வந்தாள். அந்த விஷயத்தை இன்றுவரை அவள் வெளியே ஒருவரிடமும் சொன்னதில்லை. அவரிடம் மட்டும், வாரத்துக்கு இரண்டு தரம்.

ஐம்பத்தேழு வயதில் வலது முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்தது. அதே வருடம் புதிய அதிகாரியும் வந்தார். முப்பத்தைந்து வயதுப் பெண், சுறுசுறுப்பு, எல்லாரையும் சார் என்று கூப்பிட்டுக்கொண்டே வேலை வாங்குகிறவர். ஐம்பது வயது தாண்டிய வெளிவேலைக்காரர்கள் வருடத்துக்கு ஒரு பாதையைப் பலகை நேரத்துக்குள் நடந்து காட்ட வேண்டும், முடியாதவர்களுக்கு ஆவண அறை என்று உத்தரவு போட்டார். ஆவண அறை கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. அங்கே அனுப்பப்பட்டவர்களை மற்றவர்கள் பேச்சில் இறந்த காலத்தில் குறிப்பிடுவது வழக்கம். எக்ஸ்பிரஸுக்கு நாற்காலியோ சம்பளமோ பொருட்டில்லை. வெளியே நடக்கும்வரைதான் எக்ஸ்பிரஸ், கூரைக்குக் கீழே தான் ஒரு சாதாரண ஆள் என்பது அவருக்குத் தெரியும். அது மற்றவர்களுக்கும் தெரிந்துவிடக் கூடாது.

"எந்தப் பாதைன்னு நீங்களே சொல்லுங்க சார்," என்றார் அதிகாரி.

பக்கத்து மேஜை கிளார்க் தலையைத் தூக்காமலேயே சொன்னார்: "ரெண்டாம் பாதை எடுத்துக்கங்கண்ணே. ஒரே சமதரை. வழியில பெஞ்சு கூட இருக்கு."

"ரெண்டாம் பாதை தள்ளுவண்டிக் குழந்தைங்களுக்குப் போட்டது."

"அதான் சொல்றேன். வயசானா எல்லாரும் குழந்தைதானே."

அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் அவர் இன்னமும் வெளிவேலையில் இருந்திருப்பார்.

"ஏழு," என்றார்.

வீட்டில் சொன்னபோது மனைவி அவர் முழங்காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. "மாடிப்படி இறங்கறதுக்கே சுவரைப் பிடிக்கிறீங்க. மலையில யாரைப் பிடிப்பீங்க?"

"பழகின பாதை."

"பாதைக்கு உங்களைப் பழக்கமா இருக்கணுமே."

குறித்த நாளில் அதிகாரியே கூட வந்தார். காலை பஸ்ஸில் போய், மறுபக்கத்திலிருந்து மெதுவாக ஏறி, உச்சிப் பாறையில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டார்கள். பலகை தலைக்கு மேலே நின்றது. பஸ் நிறுத்தம், ஐம்பது நிமிடம். சரியாக நாலே முக்காலுக்கு அதிகாரி போனில் நேரத்தை ஓட விட்டார். பலகை நேரத்துக்கு மேல் பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகவே இருந்தது.

முதல் சரிவிலேயே எக்ஸ்பிரஸ் பக்கவாட்டில் இறங்க ஆரம்பித்தார், நண்டு மாதிரி. வலி வந்தபோதெல்லாம் நின்று, செடி கொடிகளின் பெயரைச் சொல்லி விளக்கினார். அதிகாரி இரண்டு செடிவரைக்கும் கேட்டுக்கொண்டார்.

ஓடைப் பாலத்தில் அடுத்த பலகை. நிறுத்தத்துக்கு இருபது நிமிடம் என்று அது சொன்னது. கிளம்பி நாற்பத்தொரு நிமிடம் ஆகிவிட்டதென்று போன் காட்டியது.

"சார், நான் முன்னாடி போய் பஸ்ஸை நிறுத்தி வைக்கறேன். நீங்க மெதுவா வாங்க."

"நான் மெதுவா வரல மேடம்."

"சரி சார். வேகமாவே வாங்க."

அதிகாரி போய்விட்டார். எக்ஸ்பிரஸ் ஓடையில் கைக்குட்டையை நனைத்து முழங்காலில் கட்டிக்கொண்டு, பார்க்க ஆள் இல்லாததால், முனகிக்கொண்டே இறங்கினார். கடைசிச் சரிவை உட்கார்ந்தபடியே சறுக்கிக் கடந்தார்.

நிறுத்தத்தில் அதிகாரி தனியாக உட்கார்ந்திருந்தார். பஸ் இல்லை. ஷூவைக் கழற்றிக் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வந்தது அஞ்சு அம்பத்திரண்டு. அறுபத்தேழு நிமிஷம். தினமும் காலையில ஓடறவ நான். பாலத்துலேருந்து ஓடித்தான் வந்தேன்."

எக்ஸ்பிரஸ் குனிந்தபடி நின்றார். மூச்சு வாங்கத்தான், ஆனால் அது மரியாதை போலத் தெரிந்தது.

"பலகை தப்பு சார். உங்களுக்குத் தெரியும்தானே? தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. அளந்தவரே சொன்னா உடனே மாத்திடலாம். இந்தச் சோதனையையும் செல்லாதுன்னு போட்டுடறேன். நீங்க பாட்டுக்கு வெளிவேலை பாருங்க. ரிட்டயர் ஆகற வரைக்கும் ஒருத்தரும் கேட்க மாட்டாங்க."

வேறு யாராவது என்றால் காலில் விழுந்திருப்பார்கள். எக்ஸ்பிரஸ் பாதையின் வாயிலைப் பார்த்தார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த மனிதர் நினைவுக்கு வந்தாரா என்று கேட்டால், வந்தார். ஒரு வரி எழுதினால் அவரோடு சேர்த்து முன்னூறு பேர் சரி என்றாகிவிடும், ஒரே ஒருவர் தப்பு என்றாகிவிடும். அந்தக் கணக்கு அவருக்குப் பிடிபடவில்லை.

"பலகை சரியாத்தான் இருக்கு மேடம்."

"நானே அறுபத்தேழு நிமிஷத்துல வந்திருக்கேன்."

"நீங்க புதுசு."

"நீங்க?"

"நான் பழசு."

அதிகாரி பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். "அப்ப நான் என்னன்னு எழுதட்டும்?"

"கிழவனாயிட்டான்னு எழுதுங்க. அதுல என்ன தப்பு? எல்லாரும் ஆகறதுதான்."

மடியில் காகிதத்தை வைத்து அதிகாரி எழுதினார். அவர் பெயர், பாதை எண், தொடங்கிய நேரம். வந்து சேர்ந்த நேரம் என்ற இடத்தில் ஆறு பத்து என்று போட்டுக் கையெழுத்துக்கு நீட்டினார். எக்ஸ்பிரஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார்.

"ஆறு பதினாறு."

"ஒரு அஞ்சாறு நிமிஷம்தானே சார். இருந்துட்டுப் போகட்டும்."

"என் அளவுல யாரும் கை வைக்கக் கூடாது," என்று சொல்லி, பேனாவை வாங்கி, பத்தை அடித்துப் பதினாறு என்று எழுதினார். பக்கத்தில் சுருக்கொப்பம். கீழே முழுக் கையெழுத்து.

தன் அறுபத்தேழு நிமிடத்தை அதிகாரி எங்கும் குறிப்பிடவில்லை. சோதனை அவருக்கல்ல, எழுத இடமும் இல்லை. மேலும், தினமும் ஓடுகிற ஒருவருக்கு அது நல்ல எண் அல்ல. அளந்தவர் மறுக்காத நேரத்தை மாற்ற விதி இடம் கொடுக்காது. மறுபடி அளக்க வெளிவேலைக்கு ஆள் வேண்டும். எக்ஸ்பிரஸ் ஆவண அறைக்குப் போன பிறகு அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. ஆகவே பலகை அப்படியே நின்றது. அடுத்த மாதமே ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு பதினோரு கிலோமீட்டர் நடந்தது.

சோதனை நாளன்று அதிகாரியும் எக்ஸ்பிரஸும் மெயின் ரோடு வரைக்கும் நடந்தார்கள். வழியில் எக்ஸ்பிரஸ் எட்டுத் தரம் உட்கார்ந்தார். ஒவ்வொரு தரமும் அதிகாரி கொஞ்சம் தள்ளிப் போய், இருட்டுகிற வயலைப் பார்ப்பதுபோல நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். திங்கட்கிழமையிலிருந்து ஆவண அறை, பத்து மணிக்கு உள்ளே, ஐந்து மணிக்கு வெளியே, ஞாயிறு விடுமுறை. மனைவி சுடுதண்ணீரில் துணியை நனைத்து முழங்காலில் வைத்து அழுத்தினாள், தேவைக்கு மேலேயே.

"அப்போ," என்றாள், "இனிமே தினமும் அஞ்சரைக்கெல்லாம் வீட்டுல இருப்பீங்களா?"

"ஆமா."

அவள் துணியைப் பிழிந்தாள். "ஞாயித்துக்கிழமையும்?"