நல்லதம்பி கேட்ட திருத்தம்

ஞாயிற்றுக்கிழமை காலை ராசிபுரம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது நல்லதம்பியின் மகன் போன் செய்தார். "அப்பா போயிட்டாருங்க. தூக்கத்துலயே" என்றார். அன்று எங்கள் வரலாற்று வட்டத்தின் கூட்டம். அதற்குப் போகாமல் நாமக்கல் பஸ் ஏறினேன்.

வட்டத்துக்குப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். நல்லதம்பி நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, நாமக்கல்லில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக் கொடுத்தவர். நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். நம் முன்னோர் கரையை விட்டு விலகிப் பெருங்கடலைத் தாண்டியிருக்க முடியுமா என்பதில் எங்கள் இருவருக்கும் ஒத்தே போகாது. கப்பலின் பருத்திப் பாய் உப்புத்தண்ணீரில் இற்றுப்போகும், கரையோரமாகத்தான் போயிருப்பார்கள் என்பது என் கட்சி. "கப்பலப் பத்தி எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. காத்துல துணி என்ன பாடு படும்னு தெரியும். தாண்டியிருப்பாங்க" என்பார். அவர் கடலைப் பார்த்ததே இரண்டு முறைதான். அதைச் சொல்லி நான் கேலி செய்வேன், சிரித்துக்கொள்வார்.

வாதம் முற்றியது. சோதித்தே பார்த்துவிடுவது என்று ராசிபுரத்தில் தன் தம்பியின் தறியில் கனத்த பருத்தித் துணி நெய்தார். நாமக்கல் வீட்டு மொட்டைமாடியில் கல்லுப்பு கரைத்த தொட்டியில் தினமும் அதை நனைத்து, கம்பத்தில் கட்டிக் காற்றில் விட்டார். மழைக்காலம் முடிவதற்குள் துணி பூஞ்சை பிடித்துக் கிழிந்தது. கிழிசலைக் கூட்டத்துக்கே கொண்டுவந்து மேசைமேல் விரித்தார். "தோத்துட்டனுங்க" என்றார். எனக்கு ஒரே குஷி. வட்டத்தின் இதழில் நீட்டி முழக்கி எழுதினேன். அவருடைய சோதனையையே சான்றாகக் காட்டினேன்.

இதழ் வந்த பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்தார். "தப்புப் பண்ணிப்புட்டனுங்க வாத்தியாரே. பாவுக்குப் போட்ட கஞ்சியக் கழுவாமயே ஊற வெச்சிருக்கறேன். அழுகுனது கஞ்சிங்க. அதுதான் நூலையுங் கெடுத்துப்புடுச்சு." தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அறுபடாமலிருக்கக் கஞ்சி போட்டுத்தான் நெய்வார்கள். பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய விஷயம் என்பதால் அது அவர் யோசனையிலேயே வரவில்லை. மறுபடி நெய்து, கஞ்சி போகத் துவைத்துக் கட்டியிருப்பதாகச் சொன்னார். இதழில் ஒரு திருத்தம் போட முடியுமா என்று கேட்டார்.

"சோதனை முடியட்டும், பார்க்கலாம்" என்றேன். உண்மையில் எனக்கு மனமில்லை. "ஆகட்டுங்க" என்று போய்விட்டார். அதன் பிறகு நான்கு இதழ்கள் வந்தன. அவர் மறுபடி கேட்கவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை.

அடக்கம் முடிந்ததும் மாடிக்குப் போனேன். ஒரு மழைக்காலத்தையும் கோடையையும் பார்த்துவிட்ட இரண்டாவது துணி, நிறம் மங்கிக் கம்பத்தில் இருந்தது. "நேத்துக்கூட நனைச்சுக் கட்டுனாருங்க" என்றார் மகன். இரண்டு கைகளாலும் பிடித்து, பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். கிழியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நம் முன்னோர் பெருங்கடலைத் தாண்டினார்களா என்பது எனக்கு இன்றும் தெரியாது. துணி தாங்கியிருக்கும். தாங்காது என்று நான் எழுதியது தவறு. எல்லோர் முன்னாலும் 'தோற்றுவிட்டேன்' என்று சொல்ல அவரிடம் இருந்த மனசை, அவர் எனக்கு விட்டுப்போனதாக எடுத்துக்கொள்கிறேன். அவர் கேட்ட திருத்தம் இதுதான். அவர் படிக்க முடியாத இதழில் வருகிறது.