திதி தெரியாத வெண்பா

கனடாவில், ஸ்காபரோவில் என் சித்தப்பா கவிஞர் என்று பெயர் எடுத்தவர். உண்மையில் அவர் எழுதியதெல்லாம் செத்தவர்களுக்கான பாட்டுத்தான். எங்கள் ஆட்களில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்று ஒரு சின்னப் புத்தகம் அடிப்பார்கள். படம், குடும்ப வரலாறு, புலம்பல் எல்லாம் அதில் இருக்கும். முதலில் வருவது திதி வெண்பா. எந்த மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதியில் உயிர் போனது என்று அது சொல்லவேண்டும். சித்தப்பாவுக்கு அதில் பெரிய பெருமை. எனக்கு எரிச்சல்.

இலங்கையில் யுத்தம் முடிந்துவிட்டதென்று தொலைக்காட்சி சொன்ன அந்த மே மாதம் நான் எட்டாம் வகுப்பு. அம்மாவின் ஒரே தம்பி வன்னியில் இருந்தார். மாசியோடு அவருடைய தொலைபேசி நின்றுவிட்டது. அம்மா சமைப்பதை விட்டுவிட்டார். அப்பா பாண் வாங்கிவந்து ஜாம் பூசி எங்களுக்குத் தந்தார்.

அதே வாரம் பள்ளிக்கூடத்தில், ஆளுக்கொரு நாட்டுக் கவிஞரைப் பற்றிப் பெரிய மட்டையில் எழுதி ஒட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். எனக்கு விழுந்தது பிரேசில். அங்கே பழைய யாப்பை உடைத்துப்போட்டுத் தெருப்பேச்சில் எழுதிய ஒருவர். அவருடைய கவிதையை மண்டபத்தில் வாசித்தபோது சனம் கூக்காட்டிக் குழப்பியதாம். வாலிபத்திலேயே காசநோய் வந்து வைத்தியர்கள் கைவிட்டுவிட்டார்கள். அவரும் இன்றோ நாளையோ என்று சாவைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தார். சாவு வரவில்லை. பல்கலைக்கழகத்தில் படிப்பித்து, நரைத்து, எண்பதையும் தாண்டினார்.

குசினியில் அடுப்பருகே நிலத்தில் மட்டையை விரித்து நான் ஒட்டிக்கொண்டிருந்தபோது சித்தப்பா வந்தார். மாமாவுக்குக் காரியத்தை முடித்துவிடுவது நல்லதென்று சொந்தக்காரர்கள் தாங்களே தீர்மானித்திருந்தார்கள். சித்தப்பா கல்வெட்டையும் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். அம்மா முதல் பாட்டை வாசித்துவிட்டுச் சித்தப்பாவைக் கேட்டார்:

"தம்பி, உமக்கு ஆர் திதி சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை அண்ணி. முடிஞ்சுதெண்டு அறிவிச்ச நாளின்ரை திதியைப் போட்டனான். ஒண்டைப் போட்டால்தானே வெண்பா நிக்கும்."

"உம்மடை வெண்பா நிக்கிறதுக்காக என்ரை தம்பியைச் சாக்காட்டுவீரோ?"

சித்தப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. பேச்சை மாற்ற என் மட்டையைப் பார்த்து, உவன் ஆர் என்று கேட்டார். சொன்னேன். யாப்புத் தெரியாதவனெல்லாம் கவிஞனோ என்று சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. இவரையும் செத்தவர் கணக்கில்தான் வைத்திருந்தார்கள், இவர் சாகவில்லை என்று கத்தினேன்.

அம்மா வந்து எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். ஒட்டிய எல்லாவற்றையும் தமிழில் சொல்லச் சொன்னார். நோய் வந்த இடத்தையும் கைவிட்ட இடத்தையும் திரும்பவும் சொல்லவைத்தார். பிறகு கேட்டார்:

"அவருக்கு அக்கா ஆரும் இருந்தவையோ?"

"ஓம். அவதான் பக்கத்திலை நிண்டு பார்த்தவ. ஆனா அவ அவருக்கு முந்திச் செத்திட்டா."

"அது நல்லது," என்றார் அம்மா. எழும்பிப்போய் அடுப்பில் சோறு வைத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோயாளியைப் பார்த்த மனுசி செத்துப்போனதில் என்ன நல்லது? நான் சொன்னதை அம்மா கேட்கவேயில்லை என்று நினைத்தேன். சித்தப்பா தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு போனார். மாமாவைப் பற்றி அதற்குப் பிறகும் ஒரு செய்தியும் வரவில்லை. தேடிச் சொல்லவேண்டிய அரசாங்கமும் வாய் திறக்கவில்லை.

போன மாரியில் அம்மா செத்துப்போனார். சித்தப்பாதான் கல்வெட்டு எழுதினார். திதி பிசகவில்லை. சகோதரர் என்ற இடத்தில் மாமாவின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட்டிருந்தார். அந்தச் சொல்லை வெட்டச் சொன்னேன். கிழவர் பேனையை எடுத்து வெட்டினார்.

தம்பிக்கு முந்திப் போய்ச் சேர்ந்த அந்தப் பிரேசில்காரியைப் பாவம் என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன். அம்மா அவள்மேல் பொறாமைப்பட்டது எனக்கு விளங்கவில்லை.