துடுப்பில்லாமல் போன நாள்

மோட்டார் படகு வைத்திருக்கும் வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன்.

போன ஆனி மாதம் எங்கள் படகு மோட்டாரின் அடியில், கியர் ஆயிலை வடிக்கும் திருகாணியிலிருந்து ஆயில் சொட்ட ஆரம்பித்தது. உள்ளே இருந்த வாஷர் நசுங்கிப் போயிருந்தது. புது வாஷருக்குப் பாண்டிச்சேரி போக வேண்டும்.

"அதுக்குப் போய் ஒரு நாள் தொழில விடுவாங்களா மச்சான்?" என்றார் என் தங்கை கணவர் ஆரோக்கியம். படகின் பலகை இடுக்கை அடைப்பது போலவே, பஞ்சு நூலைக் குங்கிலியத்தில் தோய்த்துத் திருகாணியில் சுற்றி இறுக்கினார். விடியும்வரை ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

மறுநாள், உப்பளத்து உப்புக் குவியல்கள் கண்ணுக்கு மறைந்த தூரத்தில், மோட்டார் கரகரவென்று அரைத்து நின்றது. அதைத் தூக்கித் திருகாணியைக் கழற்றினோம். ஆயில் பட்டுக் குங்கிலியம் இளகியிருந்தது. உள்ளிருந்து பால் போல வெள்ளையாக வடிந்ததைத் தொட்டு நாக்கில் வைத்தார் ஆரோக்கியம்.

"உப்புக் கரிக்குது மச்சான்."

மோட்டார் வந்த பிறகு துடுப்பு எதற்கென்று அதைக் கரையிலேயே போட்டிருந்தோம். காற்று எங்களை நடுக்கடல் பக்கம் தள்ளியது. உட்காரும் பலகையைப் பெயர்த்து, அதையே துடுப்பாக வைத்துத் தண்ணீரைத் தள்ளிப் பார்த்தோம், பயனில்லை. ஆரோக்கியம் மாதாவை வேண்ட ஆரம்பித்துவிட்டார். பொழுது சாயும்போது அந்தப் பக்கம் வந்த கட்டுமரத்துக்காரர்கள் கயிறு போட்டு இழுத்தார்கள்.

"ஏம்பா, துடுப்பு கூடவா எடுத்துனு வர்ல?" என்றார் ஒருவர்.

ஆயில் வெளியே வராமல் அடைத்தோமே தவிர, கடல் உள்ளே வரும் என்று நினைக்கவில்லை. இப்போது திருகாணியைக் கழற்றினால் புது வாஷர் போடாமல் மூடுவதில்லை. படகில் முதலில் ஏறுவது துடுப்புதான். நாங்கள் கிளம்பும் முன் என் தங்கை வந்து, அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறாள்.