மண்மூட்டைகளுக்கு நடுவே ஓடிய ஆட்டோ

ஆட்டோ ஓட்டுகிறவனுக்குப் பாதையைவிட, பாதையில் மறிக்கிறவர்களைத்தான் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். சமாதானம் முறிந்து வடக்கில் மறுபடி சண்டை தொடங்கிய முதல் வாரம், கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை சந்திக்குச் சந்தி மண்மூட்டை அடுக்கி ஆமிச் சிப்பாய்களை நிறுத்தினார்கள். அடையாள அட்டையை நீட்டிவிட்டு மூச்சை அடக்கி நின்ற உங்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை.

பெட்டிக்குள் என்ன?

பொய்ப்பல் செய்து பல் டாக்குத்தர்மாருக்குக் கொடுக்கிற செல்வராசா அண்ணை என் நிரந்தரச் சவாரி. இரண்டாம் நாள் பம்பலப்பிட்டியில் மறித்தார்கள். அண்ணையின் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்ததும் சிப்பாய் துவக்கை நீட்டி, "திற" என்றான். புதிதாக வந்தவன் போல. அண்ணை அவசரமாகத் திறந்தார். மூடி திறந்த வேகத்தில் பல்செட்டுகள் றோட்டில் சிதறின. சிப்பாய் துள்ளிப் பின்னால் போனான்.

சுடப்போகிறான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். சிரிப்புச் சத்தம் கேட்டுத் திறந்தால், துவக்கை முதுகில் போட்டுக்கொண்டு குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துடைத்துக் கொண்டிருந்தான். பெட்டியைக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சிங்களத்தில் கேட்டான்: "அண்ணே, எங்கட அம்மாவுக்கு முன்பல் இல்லை, சிரிக்கேக்க வாயைப் பொத்துறா. அவவுக்கும் ஒண்டு செய்யலாமா?"

ஹாஜியாரின் காத்திருப்பு

நாங்கள் புது வீட்டுக்கு மாறி மூன்று நாள், தமிழர் செய்யவேண்டிய பொலிஸ் பதிவை இன்னும் செய்யவில்லை. அந்த நேரம் பார்த்துச் சுற்றிவளைப்பு. விடியற்காலை என்னை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மனைவிக்கு யாரிடம் போவதென்று தெரியவில்லை. மாளிகாவத்தை ஹாஜியாரின் மகளைத் தினமும் பள்ளிக்கூடம் ஏற்றிப்போகிறவன் நான். அவருக்கு போன் எடுத்தாள்.

ஹாஜியார் புடவைக் கடையைப் பூட்டிவிட்டு வந்து, பொலிஸ் நிலைய வாங்கில் பின்னேரம் வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். கேட்டவர்களுக்கெல்லாம், "இந்த ஆளை எனக்குத் தெரியும்" என்று ஒரே பதில். கடைசியில் அவர் கையெழுத்து வைத்த பிறகுதான் விட்டார்கள். வெளியே வந்து நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "ஒனக்காக வரல்ல தம்பி, புள்ளைக்கு நாளைக்கி ஸ்கூல் போகோணும்."

துறைமுக வீதியில்

அதே வாரம் கொட்டாஞ்சேனையில் நான் வழக்கமாக ஏற்றுகிற ராணி அக்காவுக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. கணவர் யாழ்ப்பாணத்தில்; பாதை பூட்டியதால் வரமுடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வீதியை மறித்திருந்தார்கள். வடக்கே கப்பலில் போக, துறைமுகத்துக்குச் சிப்பாய்களை ஏற்றிய லொறிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, இனித் தாங்கேலாது" என்றார். நான் இறங்கிப் போய்க் கும்பிட்டேன்.

நின்றுவிட்ட ஒரு லொறியிலிருந்து சாஜன் தரத்துச் சிப்பாய் ஒருவர் குதித்தார். ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். கையை உயர்த்தி லொறிகளை நிறுத்திவிட்டு, வீதியின் மறுகரை வரை எங்களுக்கு முன்னால் ஓடினார். பத்து நிமிடம் பிந்தியிருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று டாக்குத்தர் பிறகு சொன்னார். இருவரும் சுகம். மறுகரையில் சாஜன் மூச்சு வாங்கியபடி அக்காவிடம் சொன்னதுதான் இன்னும் காதில் நிற்கிறது: "மகனெண்டால் ஆமிக்கு மட்டும் விடாதேங்கோ, அக்கா."

இத்தனை மறிப்புகளையும் தாண்டி முழுசாக வீடு வந்து சேர்ந்தது என் கெட்டித்தனமில்லை என்று மனைவி இன்றைக்கும் சொல்வாள். அவள் சொல்வதில் நான் மறுத்துக் கதைக்காதது இது ஒன்றுதான்.