கொழுந்தனார் ஊற்றிய நல்ல தண்ணீர்

வலங்கைமான் பக்கத்தில் எங்கள் வயலும் கொழுந்தனார் வயலும் அடுத்தடுத்து இருக்கின்றன. வரப்புத் தகராறில் அவரோடு இரண்டு வருடமாகப் பேச்சில்லை. ஆனால் சோறு நெஞ்சில் அடைத்து நான் தவித்தபோது, கணவர் சிங்கப்பூரில் இருந்ததால், கும்பகோணம் ஆஸ்பத்திரிக்கு அவரைத்தான் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது.

எண்டோஸ்கோப்பி செய்து, உணவுக்குழாயில் கிள்ளியெடுத்த சதைத் துணுக்குகளை, கெடாமலிருக்க மருந்து ஊற்றிய பாட்டிலில் போட்டு, புற்றுநோயா என்று பார்க்கத் தஞ்சாவூர் லேபில் கொடுக்கச் சொன்னார்கள். நான் மயக்கத்தில் கிடந்தேன். பாட்டிலைக் கொழுந்தனார் வாங்கிக்கொண்டார்.

துணுக்குகள் அழுகிவிட்டன, ஒன்றும் சொல்ல முடியாது என்று ரிப்போர்ட் வந்தது. நடவை முடித்துவிட்டு மூன்றாம் நாள்தான் கொண்டுபோனாராம். கேட்டதற்கு எகிறினார்.

“மருந்து நெடியில கண்ணு எரிஞ்சுது அண்ணி. அந்தக் கருமத்தைக் கொட்டிட்டு நல்ல தண்ணி ஊத்தி வச்சேன். நாத்துக்கட்டு தண்ணியில கெடந்தாத்தானே வாடாது?”

“நான் என்ன உங்க வயல் நாத்தா?” என்று கத்தினேன்.

அதற்குள் எனக்குப் புற்றுநோய் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, வரப்பையும் ஒரு முழம் எங்கள் பக்கம் நகர்த்தியிருந்தார்.

மறுபடியும் அந்தக் குழாயை விழுங்கினேன், மயக்க மருந்து இல்லாமல். பாட்டிலில் என் பெயரையும் மருந்தின் அளவையும் பார்த்து வாங்கி, அன்றே நானே லேபில் கொடுத்தேன். ஒவ்வாமையால் வந்த அழற்சிதான், புற்றுநோய் இல்லை என்றார்கள்.

இனி என் உடம்பில் எடுத்ததை யார் கையிலும் கொடுப்பதில்லை. ஊர் திரும்பியதும் மண்வெட்டியோடு வயலில் இறங்கினேன்.

“அண்ணி, ஒங்களுக்கு ஒடம்பு முடியலைன்னு...” என்று கொழுந்தனார் ஓடிவந்தார்.

வரப்பு பழைய இடத்துக்கு வரும்வரை நான் நிமிரவில்லை.